தப்புங்க சார்

தொண்ணூறுகளின் நடுவில், பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் உரக்கடை மாடியில் இயங்கிய டுடோரியலில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் கோட்டை விட்டவர்கள் வருவார்கள். எல்லோரும் மகா மரியாதைக்காரர்கள். "புரிஞ்சுதா?" என்றால், "புரிஞ்சுதுங்க சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். நானும் என் திறமையை மெச்சிக்கொண்டு கீழே போய் டீ குடிப்பேன். டெஸ்ட் வைத்தால் தாளெல்லாம் முட்டை.

அவர்களில் ஓர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவர் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர் வேலை காலியாக இருந்தது. பத்தாவது தேறினால்தான் மனுப் போடலாம். ஏற்கெனவே இரண்டு முறை கணக்கு காலை வாரியிருந்தது. அக்டோபர் பரீட்சையிலும் போனால் வேலை வேறொருவருக்கு. சமன்பாட்டில் ஓர் எண் அந்தப் பக்கம் போனால் பிளஸ் மைனஸாக வேண்டும் என்று தினமும் சொல்வேன். தினமும் "சரிங்க சார்" என்பார். மறுநாள் பிளஸ் பிளஸாகவே போய் உட்கார்ந்திருக்கும்.

ஒருநாள் நோட்டுகளைத் திருத்தும்போதுதான் தெரிந்தது, கரும்பலகையில் நான் 7 × 8 = 54 என்று எழுதியிருக்கிறேன். வகுப்பே அதை அப்படியே எழுதியிருந்தது. அக்காவின் நோட்டில் மட்டும் ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில் 56.

"ஏனுங்க அக்கா, தெரிஞ்சும் சொல்லலையா?"

"நீங்க அத்தன பெருசா எழுதிப்போட்டீங்க சார். தப்புன்னு சொன்னா உங்க மனசு சங்கடப்படுமில்லீங்க?"

என் மனசு சங்கடப்படக் கூடாதென்று ஒரு வகுப்பே பெயிலாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் அறிவித்தேன்: இனி ஒவ்வொரு கணக்கிலும் ஒரு தப்பை ஒளித்து வைப்பேன். எங்கே, ஏன் என்று சொல்ல வேண்டும். "புரிஞ்சுதுங்க" என்ற சொல்லுக்குத் தடை. இரண்டு நாள் எல்லோரும் தப்பையும் அழகாக எழுதிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அக்கா எழுந்தார்.

"தப்புங்க சார். மன்னிச்சுக்குங்க. அந்த ஆறு அக்கட்டால போறப்ப மைனஸாகோணுமுங்க."

அப்புறம் அவரையும் வகுப்பையும் பிடிக்க முடியவில்லை. நேற்றைய தப்பை இன்று முதலில் கேட்பேன். நாலு நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அதையே மறுபடி பலகையில் விடுவேன். பாய்ந்து பிடிப்பார்கள். சிக்கல் எனக்குத்தான். நான் ஒன்று ஒளித்தால் அவர்களுக்கு இரண்டு கிடைத்தது.

"ரெண்டாவதும் வேணும்னே போட்டதுங்களா சார்?"

"ஆமாங்க அக்கா" என்பேன், முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு.

பரீட்சையன்று பள்ளிக்கூட கேட்டில் காத்திருந்தேன். அக்கா வெளியே வந்ததும், "ரெண்டு பக்கத்த அடிச்சுப்போட்டேனுங்க சார்" என்றார்.

"ஐயோ, ஏனுங்க?"

"விடைய வெச்சுப் பாத்தேனுங்க, ஒத்து வரல. மேல போய்த் தேடுனா ஒரு மைனஸ விட்டுப்போட்டேன். மறுக்கா போட்டேனுங்க, சரியா வந்துருச்சு."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மதிப்பெண் பட்டியல் வந்த அன்று மாடியேறி வந்து காட்டினார். கணக்கில் அறுபத்திரண்டு. வேலைக்கான மனுவும் கையோடு இருந்தது. எனக்கு இரண்டு நிம்மதி. ஒன்று, அவர் தேறியது. இன்னொன்று, "நீங்க பத்தாவதுல எத்தன மார்க்குங்க சார்?" என்று அவர் கேட்காமல் விட்டது.