இரண்டாவது பட்டன்

என் அக்காவைப் பள்ளிக்கூடத்தில் ‘பட்டனம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கேட்டருகே நின்று, உள்ளே வரும் பிள்ளைகளின் யூனிஃபார்மைச் சரிபார்ப்பது அவள் வேலை. பட்டன் அறுந்து வந்தால் மற்ற பள்ளிகளில் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவார்கள். இவள் அனுப்பமாட்டாள். அங்கேயே நிற்கவைத்து, சட்டைக்குள் இரண்டு விரலைக் கொடுத்து, ஊசி உடம்பில் படாமல் தைத்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டுவாள். தைத்து முடியும்வரை பிள்ளை ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேசுகிற பிள்ளை நெளியாது என்பது அவள் கணக்கு.

பேச்சு என்றால் அதுதான். மற்றபடி அவள் வாயில்லாப் பூச்சி. வீட்டுக்கு வந்தால் கேட்டதற்குத் தலையாட்டுவாள். அவளுக்கும் சேர்த்து நீயே பேசிவிடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் என்னைச் சொல்வார். இருக்கட்டும்.

அவளுக்கு ஒரே மகள். அதே பள்ளியில்தான் படித்தாள். ஒருநாள் காலை அவசரத்தில் சட்டையின் இரண்டாவது பட்டன் தெறித்துவிட்டது. “சாயந்தரம் தைச்சுத் தரேன், இப்ப ஓடு” என்று அனுப்பிவிட்டாள் அக்கா. சாயந்தரம் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை. பள்ளி முக்கில் திரும்பிய லாரி அவளைப் பார்க்கவில்லை. ஊரே அழுதது, அக்கா மட்டும் அழவில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பள்ளியிலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அவளிடம் ஒரு தகர டப்பா உண்டு. நிறைய வெள்ளைப் பட்டன். அதற்கு அவள் பட்டன் வாங்கி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அது குறைந்தும் பார்த்ததில்லை. இதை நான் அப்போது யோசிக்கவில்லை.

இந்த வருடம் யூனிஃபார்ம் இனி வேண்டுமா என்று பெற்றோர் கூட்டம் போட்டார்கள். என் மகளும் அங்கேதான் படிக்கிறாள், நான் சும்மா இருப்பேனா? பிள்ளைகள் என்ன பார்சலா, எல்லாரையும் ஒரே உறையில் போட்டு அனுப்ப, என்று கேட்டேன். கட்டுப்பாடு போய்விடும் என்றார் ஒரு வங்கி மேனேஜர். வீட்டில் அவர் கட்டுப்பாடு எப்படி என்று அவர் மனைவியின் முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பின்வரிசையில் அக்கா எழுந்து நின்றாள்.

“எல்லாரும் ஒரே மாதிரி இருந்தாத்தான், யாரும் யாரையும் தனியா பார்க்கமாட்டாங்க” என்றாள்.

ஏழை பணக்காரன் வித்தியாசத்தைச் சொல்கிறாள் என்று எல்லாரும் கைதட்டினார்கள். ஆனால் கை தூக்கச் சொன்னபோது என் பக்கம்தான் அதிகம். மாதம் பிறந்தால் யூனிஃபார்ம் கிடையாது என்று முடிவாயிற்று. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, பயம் இருந்தது.

மறுநாள் மகளை விடப்போனபோது கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். அக்கா குனிந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கையின் இரண்டு விரல் சட்டைக்குள் கொடுத்ததுபோல நீண்டிருந்தது, ஊசி ஏறி இறங்கியது. யாரோ கதை சொல்வதுபோலத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் யாருமே இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டே இல்லை, பளீரென்று வெயில். பிள்ளைகள் கும்பலாக வந்து, அந்த இடத்தில் மட்டும் இரண்டாகப் பிரிந்து, தாண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து போனார்கள்.

சாயந்தரம் மகளிடம் கேட்டேன்.

“பெரியம்மா தினமும் தைப்பாங்கம்மா. நாங்க சுத்திப் போயிடுவோம்” என்றாள், பென்சிலைச் சீவிக்கொண்டே. “பிரேயர்ல கூட ஒரு இடம் விட்டுத்தான் நிப்போம். டீச்சருக்குத் தெரியாது.”

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் மறைக்கவில்லை.

“தினமும் அந்தப் பட்டனை அறுத்துக்கிட்டுத்தான் வருவா. நானும் தைச்சு அனுப்புவேன். கூட்டத்தோட கூட்டமா உள்ள போயிடுவா” என்றாள். “இனிமே எல்லாரும் கலர்ல வருவாங்க. அவகிட்ட அந்த ஒரு யூனிஃபார்ம்தானேடி இருக்கு? அத்தனை பேர் நடுவுல எப்படி உள்ள வருவா?”

உனக்குப் பைத்தியமா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “வா, துணிக்கடைக்குப் போவோம்” என்று வந்தது.

கடைப்பெண் அளவு கேட்டாள். அக்கா தன் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினாள். பிள்ளையையும் கூட்டிவந்திருக்கலாமே என்றாள் அந்தப் பெண், நான் வேறு பக்கம் பார்த்தேன். அக்கா மஞ்சளில் ஒரு கவுன் எடுத்தாள். முதுகில் ஜிப், பட்டனே கிடையாது. பட்டன் வைத்ததாக எடேன் என்று நான் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மாதக் கடைசி நாள் சாயந்தரம், கேட்டருகே அக்கா தன் பையை மாட்டுகிற ஆணியில் அதை மாட்டிவிட்டு வந்தோம்.

மறுநாள் ஆணியில் கவுன் இல்லை. பிள்ளைகள் சிவப்பும் பச்சையும் கட்டமுமாகக் கத்திக்கொண்டு வந்தார்கள். அக்கா ஊசியில் நூல் கோத்து நின்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. நடுவே மஞ்சளாக ஒன்று ஓடியது. முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமும் இல்லை. எங்கள் பக்கத்தில் வந்ததும் அது நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது. கூட்டம் சேர்ந்துகொண்டது.

“நிக்கவே இல்லையேக்கா” என்றேன்.

“பட்டன் இருந்தா நிப்பா” என்றாள் அக்கா. “எத்தனை வருஷம் வாசல்லயே நிக்க வச்சிருந்தேன். போகட்டும்.”

அன்றிலிருந்து பிள்ளைகள் நேராக நடந்து வருகிறார்கள், பிரேயரிலும் இடம் விடுவதில்லை என்கிறாள் என் மகள். யூனிஃபார்ம் போனாலும் பட்டன் அறுவது போகவில்லை. அதுவரை குறையாத அந்தத் தகர டப்பா சீக்கிரமே காலியாயிற்று. அக்கா முதல்முறையாகக் கடைக்குப் போனாள். இனி வெள்ளை மட்டும் போதாதே, எல்லா நிறத்திலும் வாங்கிவந்து டப்பாவில் கொட்டினாள். மூடியை எடுத்தவள், மூடாமல் அப்படியே உட்கார்ந்து, அன்றுதான் அழுதாள்.