பூமிக்கடி ரயிலும் சேரன்மகாதேவிப் பெண்ணும்

லண்டன் பட்டணத்தில் நான் இருந்தது ஒன்பது மாதம். என் வீட்டுக்காரர் காலராவில் போன மறு வருஷம், பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த வீட்டுத் துரைசாணி தன் ஊருக்குக் கப்பலேறினாள். அவளுடைய மூன்று வயது மகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். குழந்தைக்குக் காலில் ஒரு குறை. வாரத்தில் இரண்டு நாள் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு தடவை துரைசாணி கூட வந்து வழி காட்டினாள். அதற்குப் பிறகு நானும் குழந்தையும் மட்டும்தான். போகிற வழியோ பூமிக்கு அடியில் ஓடும் ரயில்.

இப்போது நினைத்தாலும் அது விழித்துக்கொண்டே கண்ட சொப்பனம் போலத்தான் இருக்கிறது. சின்ன அறை போன்ற இரும்புக் கூண்டு ஒன்று இருபது பேரைச் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் கீழே இறங்கும். கீழே வழவழப்பான ஓடு பதித்த வளைந்த பாதைகள். பகலா இரவா என்று சொல்ல முடியாத வெளிச்சம். ரயில் வருவதற்கு முன்னால் அதன் காற்று வரும். வெதுவெதுப்பான அந்தக் காற்று முந்தானையைத் தூக்கும். கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் கேட்கும். விளக்கு தெரிவது அதற்கும் பிறகு. மேலே தெருவில் கையை நீட்டினால் கை தெரியாத மூடுபனி நாட்களில்கூட, கீழே எல்லாம் துலக்கமாக இருக்கும். குளிரில் விறைத்து வந்தவர்கள் அங்கே கையுறையைக் கழற்றுவார்கள். குழந்தை என் தோளில் தூங்கிவிடும். யாரும் யாரோடும் பேசாத அந்தப் பெட்டியில், இத்தனை வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் நான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன்.

ஊர் திரும்பியதும் எங்கள் வேதக் கோயிலுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாள் கேட்டார்கள். “அடியில ரயில் போனா மேல இருக்க வீடு இடியாதாக்கும்?” என்றார் ஒருவர். போகப் போக யாரும் கேட்கவில்லை. நானும் பேசுவதை விட்டுவிட்டேன். பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றில் சமையலுக்குச் சேர்ந்துகொண்டேன்.

ஒரு சனிக்கிழமை விடுதி வாசலில் வில்வண்டி வந்து நின்றது. இருபது வயது இருக்கும் ஒரு பெண்ணும் அவளுடைய அண்ணனும் இறங்கினார்கள். சேரன்மகாதேவியில் நிலபுலம் உள்ள குடும்பம். அந்தப் பெண்ணின் புருஷன் இரண்டு வருஷமாக லண்டனில் வக்கீல் படிப்புப் படிக்கிறாராம். இப்போது அவளையும் வரச் சொல்லி எழுதியிருந்தார். கடிதம் அவள் கையிலேயே இருந்தது.

“நீங்கதான் சீமைக்குப் போயிட்டு வந்தவுகளா?” என்று கேட்டாள். “அவுக பகல் பூரா படிக்கப் போயிருவாகளாம். கடைகண்ணிக்கு நான் தனியாத்தான் பூமிக்கடி ரயில்ல போகணும்னு எழுதியிருக்காக. எனக்கு இங்கன திருநெல்வேலி ஸ்டேஷன்லயே தனியா நிக்கத் தெரியாது.”

அவளுக்கு இங்கிலீஷில் எழுத்துக் கூட்ட மட்டும் தெரியும். எனக்கும் அவ்வளவுதான். அதனாலேயே என்னால் சொல்லிக்கொடுக்க முடியும் என்று தோன்றியது. அடுத்த நாலு சனிக்கிழமையும் மத்தியானத்தில் வந்தாள். வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்று மணலில் உட்காருவோம். அண்ணன் தள்ளி ஒரு மருத மரத்தடியில் இருப்பார். ஈர மணலில் குச்சியால் ரயில் பாதைகளைக் கோடு கோடாக இழுத்துக் காட்டுவேன்.

“ஸ்டேஷன்ல படம் ஒண்ணு தருவாங்க. ஒவ்வொரு பாதைக்கும் ஒவ்வொரு கலர் போட்டிருக்கும். நமக்கு எது வேணுமோ அந்தக் கலரை மட்டும் பாத்தாப் போதும்.”

“ஸ்டேஷன் பேரு வாசிக்கத் தெரியலைன்னா?”

“சுவத்துல பதிச்ச ஓட்டுக் கலரைப் பாருங்க. சில பாதையில ஒரு ஸ்டேஷன் பச்சை, ஒண்ணு பழுப்பு, ஒண்ணு நீலம்னு மாத்தி மாத்திப் பதிச்சிருக்கும். நான் அப்படித்தான் இறங்குவேன். பெட்டி ஓரத்துல கதவைத் திறந்து மூட ஒரு ஆளு நிப்பாரு, அவருக்குப் பக்கத்துல உக்காந்துக்கிடுங்க. சுருட்டுக் குடிக்கிற பெட்டியில மட்டும் ஏறிராதீங்க, புகை தாங்காது.”

“ஸ்டேஷனை விட்டுட்டேன்னா?”

“பதறக் கூடாது. அடுத்ததுல இறங்கி எதிர்ப் பக்கம் வர்ற ரயில்ல ஏறிருங்க. டிக்கெட்டைத் தொலைக்காம வச்சிருங்க, வெளிய போகும்போது வாங்கிக்கிடுவாங்க.”

ஓடும் படிக்கட்டு ஒன்று புதிதாக வந்திருந்ததையும் சொன்னேன். படி தானாக நகரும். ஏறும்போது புடவையை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இறங்கும்போது வலது காலை முதலில் வைக்க வேண்டும். மணலில் எழுந்து நின்று அவள் வலது காலை வைத்து வைத்துப் பழகினாள்.

எல்லாம் கேட்டுவிட்டு நாலாவது சனிக்கிழமை சொன்னாள்: “ஒங்களுக்குத் தைரியம் இருக்கு, போயிட்டீக. எனக்கு அந்த இருட்டை நெனச்சா மூச்சு முட்டுது.”

செங்கோட்டைக்கு அப்பால் மலையைக் குடைந்து ரயில் போகிறதே, ஒரு தடவை போய்ப் பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். அடுத்த வாரம் போனோம். நான் ஏறிய ரயிலில் அவர்கள் சேரன்மகாதேவியில் ஏறிக்கொண்டார்கள். அண்ணன் ஆண்கள் பெட்டிக்குப் போனார். நானும் அவளும் பெண்கள் பெட்டியில். தென்காசி தாண்டியதும் சாரல் பிடித்தது. மலை நெருங்க நெருங்க வெளியே எல்லாம் பச்சைப் புகையாகத் தெரிந்தது. சன்னலைச் சாத்தச் சொன்னார்கள். வெளிச்சம் போயிற்று. கரிப்புகை நெடியும் சக்கரத்தின் சத்தமும் மட்டும் இருந்தன.

இருட்டில் அவள் கை என் கையைத் தேடிப் பிடித்தது. “அக்கா, ஒங்களுக்கு என்ன செய்யுது? கையை இப்படி இறுக்கிப் பிடிக்கீகளே?”

குகை முடிந்து வெளிச்சம் வந்தது. யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். லண்டனில் ஒரு நாள் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ரயில் நின்று, விளக்கெல்லாம் அணைந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழந்தை விழித்து அழுதது. எனக்கு ஜெபம்கூட வரவில்லை. குழந்தையின் முதுகில் கையை வைத்து, அதன் மூச்சு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு ஆள் கைவிளக்கோடு நடந்து வந்தான். வண்டி நகர்ந்தது. துரைசாணியிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளை அனுப்பிவிடுவாள். அந்த ஊரில் எனக்கென்று இருந்தது அந்த ரயில் நேரம் மட்டும்தான்.

“எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா,” என்றாள்.

“சொன்னா நீங்க போகமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

சன்னலைத் திறந்து நனைந்த காட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “இப்பந்தான் போகலாம்னு இருக்கு. பயந்தவுகளும் போயிட்டு வந்திருக்காகல்லா.”

அந்த மாசக் கடைசியில் தூத்துக்குடியில் கொழும்பு வழியாகச் சீமைக்குக் கப்பல் ஏறினாள். ஐந்து மாதம் கழித்து அண்ணன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தமிழில், பென்சிலில் எழுதியிருந்தாள். முதல் வாரமே தனியாக ரயிலில் போய்விட்டாளாம். நான் பச்சை என்று சொன்ன ஸ்டேஷன் பச்சை இல்லையாம், நன்றாகத் திண்டாடினாளாம். அதைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பச்சைச் சுவரை எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்திருக்கிறேன்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. ஒரு நாள் நடைமேடைக் கூட்டத்தில் “ஏட்டி, பைய நட” என்று நம்ம ஊர்ப் பேச்சில் ஒரு குரல் கேட்டதாம். திரும்பிப் பார்த்தால் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு புடவையில் ஒரு பெண். நம்ம பக்கத்து ஏரல் ஊர்க்காரி, என்னைப் போலவே ஆயா வேலைக்கு வந்தவள். இரண்டு பேரும் பேசிக்கொண்டே, இறங்க வேண்டிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, பட்டணத்தைச் சுற்றி வரும் ரயிலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்களாம்.

விடுதி அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியைப் போட்டுவிட்டு, ஏரலில் அவளுக்கு எந்தத் தெரு என்று கேட்டு அன்றைக்கே பதில் எழுதினேன்.