பாறைக்கு வார்த்த தண்ணீர்

கீழக்குயில்குடியில் உச்சி வெயில். பாறை தோசைக்கல்லாகக் காய்கிறது. அதில் படிந்திருக்கும் கருப்புக் கறையை, ஈரம் படாமல் ஆய்வுக்குச் சுரண்டிக்கொண்டு போகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன்.

ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர் எட்டிப் பார்க்கிறார். "பாறையில பேரு செதுக்குறீகளா?"

"இல்லண்ணே. இந்தக் கறை பூராம் கண்ணுக்குத் தெரியாத உசுரு. மாசக்கணக்கா தண்ணியில்லாம இந்தச் சூட்டுலயே கெடக்கும், சாகாது."

"அம்புட்டு நாளாவா? அடப் பாவமே!"

நான் தடுப்பதற்குள் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து மொத்தத்தையும் கறையின் மேல் கவிழ்த்துவிடுகிறார். கருப்பு மெல்லப் பச்சையாகிறது.

"பாருங்க, முழிச்சிருச்சு!" பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பூரிக்கிறார்.

வந்த வேலை நாசம். அதுகூடப் போகட்டும். மாதக்கணக்கில் தாங்கும் இனத்துக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது; அரை மணி நேரம் தாங்காத இனம் இனி பஸ் ஸ்டாப் வரை நடக்க வேண்டும்.