கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு வரி

மனைவி செத்த பிறகு நகைச்சுவை எழுதுவதை நிறுத்திவிட்டேன். வாசகர்கள் அதை வெகு நாகரிகமாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. துக்கத்தைப் படைப்பாக்கினால் மனிதன் வளர்வான் என்று முன்பு நானே மேடையில் முழங்கியவன். எனக்கு வளர்ந்தது தாடிதான்.

அப்போதுதான் எதிர்வீட்டு அம்மாள் வந்து நின்றாள். நடவு, களை என்று கூலிக்குப் போகிறவள். புருஷனுக்குக் கருமாதி நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காவாந்தண்டலத்தில் கருமாதிக்கு பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டாவிட்டால் ஆள் முழுசாகச் சாகவில்லை என்று அர்த்தம்.

"சார், நீ எய்துற ஆளாச்சே. எங்க வூட்டாருக்கு நாலு வரி எய்திக் குடு."

'நீ சிரித்தால் தெருவே சிரிக்கும்' என்று ஆரம்பித்துப் படித்துக் காட்டினேன்.

"இன்னா சார், யாரு செத்துட்டாங்கன்னு எய்திக்கீற? அந்தாளு எங்க சிரிச்சாரு? பீடிக்கு நெருப்பு கேக்கத்தான் வாயத் தொறப்பாரு."

அந்த வரியை அடித்துவிட்டு, 'பீடிக்கு நெருப்பு கேட்டு இனி யார் வருவார்?' என்று எழுதினேன். உத்திரமேரூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்துச் சிரித்தார்கள். அப்படியே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் எழுத்துக்கு இரண்டில் ஒன்றுகூட அதுவரை நடந்ததில்லை.

பிறகு சாவு விழுந்த வீடெல்லாம் என் வாசல் வேப்பமரத்தடிக்கு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செத்தவரைத் திட்டுவார்கள், அழுவார்கள். நான் அதிலிருந்து ஒரு வரி பொறுக்கித் தருவேன். வந்தவர்கள் மனம் லேசாகித் திரும்பினார்கள். கொண்டுவந்த கனத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போனார்களோ என்னவோ.

என் மனைவியின் தலைத்திவசம் வந்தது. அவளைப் பற்றிப் பொய் இல்லாத ஒரே ஒரு வரி வேண்டும். அதுகூட வராவிட்டால் இத்தனை காலம் கூட வாழ்ந்ததற்கு என்ன சாட்சி? குத்துவிளக்கு, மகாலட்சுமி, அணையாச் சுடர் என்று கடைச் சரக்காகவே வந்தது. தாள் தாளாகக் கிழித்தேன்.

எதிர்வீட்டு அம்மாள் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, துக்கக்காரர்கள் நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"கிழிச்சிக்கினே இருந்தா ஆவாது சார். நீ எய்துனதப் படிச்சிட்டு அந்தம்மா இன்னா சொல்லும்?"

"'சரி, சாப்புடுங்க'ம்பா."

"சிரிக்காதா?"

"ஒரு நாளும் இல்ல."

"அட இன்னா சார் நீ! ஊருக்கெல்லாம் எய்துற, இத்த வுட்டுட்டியே. அதையே போடு."

பேனரில் மனைவி படத்துக்குக் கீழே போட்டோம்: 'சரி, சாப்பிடுங்க என்று சொல்ல இனி ஆள் இல்லை.' பஸ் ஸ்டாப்பில் சிரித்தார்கள், அழுதார்கள். நான் எழுதியதிலேயே உருப்படியான வரி அதுதான். அதிலும் பாதி அவளுடையது. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஊரை அழவைத்த வரி எனக்கு ஒரு கவளத்தை உள்ளே இறக்கித் தரவில்லை. தட்டு காய்ந்துபோனது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் பேனரை யாரும் வீணாக்குவதில்லை. எதிர்வீட்டு அம்மாள் வந்தாள்.

"சார், ஆட்டுக் கொட்டா ஒழுவுது. அம்மா பேனரு சும்மாதான கீது, அவுத்துக்கவா?"

"எடுத்துக்கம்மா."

மறுநாள் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தை மழைக்குக் காட்டிக் கூரைமேல் கட்டியிருந்தாள். என் மனைவி உள்பக்கமாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஆடுகள் அகத்தித் தழையை மென்றுகொண்டிருந்தன. அவற்றைச் சாப்பிடச் சொல்ல ஆள் இருந்தது.