சுத்தியல் விழுந்த பிறகு எழுதிய பெயர்

செனட்டர் அன்செல்மோ வில்யார்பா பேச எழுந்தார் என்றால் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் செனட்டின் சுருக்கெழுத்தாளர்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடப் பார்ப்பார்கள். மனிதர் ஆங்கிலத்தில் ஆரம்பிப்பார், சூடேறினால் தகலோகுக்குத் தாவுவார், கொதித்துவிட்டாலோ பிறந்த ஊர் பாஷையான இலோகானோதான். நடுவில் எங்கே மூச்சு விடுகிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. அதனால் எழுதும் முறை யாருடையதாக இருந்தாலும் அவர் எழுந்ததும் நாற்காலி காலியாகிவிடும். கிரெசென்சியா டும்லாவோ போய் உட்காருவாள்.

அவள் வடக்கே நார்வகான் ஊர்க்காரி. இலோகானோ ஆட்கள் அக்காவை 'மனாங்' என்பார்கள். செனட்டில் வாசல் காவலாளி முதல் சபைத் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் மனாங்தான். கணவன் ஹவாய்த் தீவுக்குக் கரும்பு வெட்டப் போனவன், மூன்று கடிதங்களோடு சரி. நான்காவது கடிதத்துக்குக் காத்திருந்த நாட்களில்தான் அவள் சுருக்கெழுத்துப் படித்தாள். கடிதம் வரவில்லை, வேலை வந்தது. அதில் இருபத்திரண்டு வருடம் ஓடிப்போயிற்று.

அவளுக்குக் கர்வம் உண்டு. சபையில் சொன்ன ஒரு சொல்லை விட்டதுமில்லை, சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்ததுமில்லை. முந்தின நாள் ஆவேசத்தில் உளறிய பெரிய மனிதர்கள் மறுநாள் காலை வந்து குழைவார்கள்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே, மனாங்?"

அவள் நோட்டைப் பிரித்து முழுவதையும் படித்துக் காட்டுவாள், நடுவில் அவர் இருமியதையும் சேர்த்து. வில்யார்பா மட்டும் எதையும் திருத்தச் சொன்னதில்லை.

"நேத்து எத்தனை பேரைத் திட்டினேன்?" என்பார்.

"நாலு பேரை. ரெண்டு திட்டு அவைக்குறிப்புல ஏறாது சார், எனக்கே எழுதக் கூசுச்சு. ஆனா எழுதிட்டேன்."

நான்கு வருடமாக அவர் அரிசிக்காகவும் புகையிலை விவசாயிகளுக்காகவும் கத்தியதெல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருந்தது. அந்தப் பேச்சுகளை அவள் நேசித்தாள். அந்த ஆளை அல்ல, பேச்சுகளை. இதை நம்பாதவர்கள் செனட்டில் நிறையப் பேர்.

எழுபத்திரண்டாம் வருடம் மழை மாதக்கணக்கில் ஊற்றியது. நகரத்தில் அங்கங்கே குண்டு வெடித்தது. யார் வைத்தது என்று கேட்டால் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஆகஸ்டில் ஒரு பிற்பகல், ராணுவ முகாமுக்குக் கூட்டிப்போய் வீடு திரும்பாத மூன்று விவசாயிகளைப் பற்றி வில்யார்பா பேசிக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"யார் சொன்ன கதை இது? மீன் சந்தையில கேட்டுட்டு வந்தீங்களா?"

கூச்சல் கிளம்பியது. சபைத் தலைவர் சுத்தியலைத் தட்டி ஒரு நிமிடம் ஒத்திவைத்தார். சுத்தியல் விழுந்தால் பேனா தூக்கவேண்டும். அதற்குப் பிறகு பேசுவது தெருப்பேச்சு, எழுதக்கூடாது. எல்லாப் பேனாவும் மேலே போயின. வில்யார்பா மேசைமேல் சாய்ந்து இலோகானோவில் கத்தினார்.

"கதையா? அங்கேயே வேலை பாக்குற சார்ஜெண்ட் சொலியானோ சொன்னான்யா!"

அந்த இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. காலடியில் உட்கார்ந்திருந்த கிரெசென்சியாவின் காதில் விழுந்தது. நான்கு வருடமாக அந்தக் குரலோடு ஓடிப் பழகிய கை நிற்கவில்லை. எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்றே அவளுக்கு உறைத்தது.

தட்டச்சு செய்தபோது சுத்தியலோடு நிறுத்திவிட்டாள். ஆனால் நோட்டில் பக்க எண் உண்டு, கிழிக்க முடியாது. விதிப்படி அது பதிவறைக்குப் போயிற்று. மறுநாள் பத்திரிகையில் அந்தக் கூச்சலின் படம் வந்தது. உடன் வேலை செய்யும் டாசியோ அதை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"மனாங், படத்துல நீங்கதான் கதாநாயகி! சுத்தியல் மேசையில படுத்துக்கிடக்கு, மத்தவன் பேனா எல்லாம் ஆகாசத்துல இருக்கு, உங்க பேனா மட்டும் ஓடுது பாருங்க. தூக்கத்துலயும் எழுதுவீங்க போல!"

அவள் சிரித்துவைத்தாள். அவர் போனதும் படத்தை மடித்து மேசை இழுப்பறையில் போட்டாள்.

நான்காம் நாள் மாடி அறைக்கு வரச் சொன்னார்கள். மேசைமேல் அந்தப் பத்திரிகைப் படமும் அவள் நோட்டும் ஏற்கெனவே விரித்துக் கிடந்தன. மழைக்கோட்டுப் போட்ட ஒருவன், அவனோடு ஒரு தட்டச்சுக்காரப் பெண். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. பெயர் மட்டும் காலிக்ஸ்டோ என்றான். பேச்சு சுத்தமான இலோகானோ.

"உக்காருங்க மனாங். நானும் நம்ம பக்கந்தான். இந்த வரியை மட்டும் படிச்சுச் சொல்லுங்க. இவங்களுக்குச் சுருக்கெழுத்து தெரியும், நம்ம பாஷை தெரியாது. உங்க கை உங்களுக்குத்தான் வெளிச்சம்."

அவர்களுடைய சுருக்கெழுத்தில் 'ர'வுக்கும் 'ல'வுக்கும் ஒரே வளைவுதான். குட்டையாக இருந்தால் ர, நீளமாக இருந்தால் ல. வித்தியாசம் அரிசி மணி அளவு. அந்த வரியில் வளைவு நீளமாகத்தான் இருந்தது. சொலியானோ என்ற பெயர் அபூர்வம். சொன்ன அன்றே ஆளைத் தூக்கிவிடுவார்கள். சொரியானோவோ ஊருக்கு நூறு பேர். மாதா கோயில் வாசலில் நின்று கூப்பிட்டால் பத்துத் தலை திரும்பும். இந்தக் கூட்டத்தில் யாரைப் பிடிப்பார்கள், எப்படிப் பிடிப்பார்கள்?

"சார்ஜெண்ட் சொரியானோ," என்றாள்.

தட்டச்சுக்காரப் பெண் வளைவைக் குனிந்து பார்த்தாள். கிரெசென்சியாவின் முகத்தையும் ஒரு முறை பார்த்தாள். "அவங்க சொன்னா சரிதான்," என்றாள்.

செப்டம்பரில் ராணுவச் சட்டம் வந்தது, செனட்டைப் பூட்டினார்கள். வில்யார்பாவை வீட்டுச் செருப்போடு கூட்டிப்போனார்கள். பத்திரிகை நின்றது, தெருவில் பேச்சும் நின்றது. கிரெசென்சியா நகரத்தின் சம்பாலோக் பகுதியில் தன் ஒற்றை அறையில் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பிழைத்தாள். அக்டோபரில் ஒரு காலை டாசியோ வந்தார். காப்பியைக் கையில் வாங்கியும் குடிக்கவில்லை.

"எங்க தெருவுல ஒருத்தர், பேண்டு வாசிக்கிற சார்ஜெண்ட். எக்காளம் ஊதுறதைத் தவிர ஒண்ணும் தெரியாத மனுஷன். தூக்கிட்டாங்க, மனாங். பேரு சொரியானோ, அதுதான் குத்தமாம். இதுவரைக்கும் ஒன்பது சொரியானோ உள்ள இருக்காங்களாம்."

"ஒன்பதா?"

"எவன் கொடுத்த பேரோ. அவன் கை அழுகிப்போக."

கூட்டத்தில் ஒளித்துவைத்ததாக நினைத்தாள். அவர்கள் கூட்டத்தையே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். டாசியோ போன பிறகு அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. பயம் மட்டும் இருந்தது, அதைவிட அதிகமாக வெட்கம்.

இரண்டு வாரம் கழித்துக் காலிக்ஸ்டோ வந்தான். ஒரு கையில் குடை, மறு கையில் வாழையிலையில் சுட்ட பிபிங்கா என்ற அரிசிப் பணியாரம், கக்கத்தில் அவள் நோட்டு.

"ஊருக்குப் போயிருந்தேன். உங்க ஞாபகம் வந்துச்சு. சூடாச் சாப்பிடுங்க." நோட்டை விரித்தான். "ஒன்பது பேர்ல ஒருத்தனும் ஒத்துக்கலை. எனக்கே ஒரு சந்தேகம். இன்னொரு தடவை படிங்க, மனாங். நிதானமா."

வளைவு நீளமாகக் கிடந்தது. ல என்றால் ஓர் ஆள் சாவான். ர என்றால் ஒன்பது பத்தாகும். அவள் நோட்டை மூடினாள்.

"அந்தப் பேரை செனட்டர் சொல்லவே இல்லை."

"அப்ப இது?"

"நான் எழுதினது. சுத்தியல் விழுந்தாச்சு, ஒரே சத்தம், காதுல ஒண்ணும் விழலை. சும்மா இருக்க முடியாம என் மனசுல வந்ததைக் கிறுக்கினேன்."

"இருபத்திரண்டு வருஷ மனாங் கிறுக்குவீங்களா? அப்ப இதுக்கு முன்னாடி எழுதினதெல்லாம்?"

வில்யார்பாவின் அரிசியும் புகையிலையும் நான்கு வருட ஆவேசமும் அவள் கையெழுத்தை நம்பித்தான் இருந்தன.

"அதுலயும் அப்படி இருக்கும்," என்றாள்.

"செனட்டர் பேச்சுலயுமா?"

"அவர் பேச்சுலதான் நிறைய."

அவன் சிரித்துவிட்டான், மனம் நிறைந்த சிரிப்பு. சட்டைப் பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்து, அவள் சொன்னதை அவளையே எழுதச் சொன்னான். சுருக்கெழுத்தில் வேண்டாம், எல்லோருக்கும் புரியும்படி. எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"சொரியானோக்களை விட்டுடுவீங்கல்ல?"

"நாளைக்கே. செனட்டர் பேச்சையெல்லாம் பொய்யாக்க இந்தத் தாள் போதும், இனி அவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" தாளை நான்காக மடித்து உள்ளே வைத்தான். "ஆறு பேரும் வீட்டுக்குப் போயிடுவாங்க."

"ஒன்பதுன்னீங்க."

காலிக்ஸ்டோ குடையை எடுத்துக்கொண்டு எழுந்தான். குரலில் குத்தல் இல்லை, ஊர்க்காரனின் ஆதங்கந்தான் இருந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ஒன்பது பேரும் இன்னைக்கு வீட்டுல இருந்திருப்பாங்க, மனாங்."