தூரியாவின் பதினோரு அங்குலம்

காசாபிளாங்காவின் தர்ப் கல்லெஃப் சந்தையில் தூரியாவின் கடை எங்கே என்று கேட்டால் பலருக்கும் தெரியாது. பொம்மைக்காரி கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடும். அந்தப் பெயரை வைத்தவன் பக்கத்துக் கடை பூஅஸ்ஸா. ஐரோப்பிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட பெரிய லேப்டாப்புகளை மலைபோல் குவித்து விற்பவன். வாய் ஓயாது. அவனுடைய அட்டைப்பெட்டிகள் மாதத்துக்கு ஒரு சாணாக நகர்ந்து நகர்ந்து தூரியாவின் வாசலைப் பாதி விழுங்கியிருந்தன.

தூரியா ஏற்றுமதித் தையல் ஆலையில் ஜீன்ஸுக்குப் பை தைத்தே இளமையைக் கழித்தவள். ஆலையை மூடியபோது கொடுத்த பணத்தில் இந்தக் கடையைப் பிடித்தாள். "லேப்டாப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று சிரித்த அண்ணன் வீட்டு வாசலை அதன் பிறகு அவள் மிதிக்கவே இல்லை. அப்படிப்பட்ட பிடிவாதக்காரி.

மொத்த வியாபாரியின் கிடங்கில் ஒரு மூலையில் சின்னச் சின்ன லேப்டாப்புகள் கிடந்தன. பதினோரு அங்குலத் திரை. பின்பக்கமாக மடக்கிக் கூடாரம்போல் நிறுத்தலாம். யாரும் சீண்டவில்லை. பிரெஞ்சு எழுத்துப் பதித்த விசைகளில் தேடித் தேடித் தட்டி அலுத்துப்போனவள் தூரியா. ஒன்றை எடுத்துத் திரையில் விரல் வைத்தாள். அரபு எழுத்துகள் திரையின் அடியிலிருந்து எழும்பி வந்தன. அன்றைக்கே அத்தனையையும் வாங்கிவிட்டாள்.

வாங்கியது வாங்கியபடியே இருந்தது. கடைக்குச் சொந்தக்காரரான ஹாஜ் மீலூத் போன வாரம் வந்து, 'லல்லா' என்று மரியாதையாக அழைத்தே கறாராகச் சொல்லிவிட்டார்.

"லல்லா தூரியா, பெருநாளுக்குள்ள இந்தச் சரக்கு நகரணும், வாடகை வரணும். இல்லேன்னா கடையை பூஅஸ்ஸாவுக்குக் கொடுத்துடுவேன். அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

பெருநாளுக்கு இன்னும் சில நாட்கள்தான். சந்தையில் குர்பானி ஆட்டுக்குப் போட வைக்கோல்கூட விற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் பதூல் வந்தாள். மலையடிவாரத்தில் கோதுமை ரவையைக் கூஸ்கூஸாக உருட்டி விற்கும் பெண்கள் சங்கத்தின் தலைவி. நகரத்துக் கடைகளின் ஆர்டர்களைப் பார்க்க ஆளுக்கொன்றாகப் பன்னிரண்டு லேப்டாப் வேண்டுமாம். இரண்டு கடைக்கும் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"யாரு எனக்கு நல்லதா சொல்றீங்க?"

பூஅஸ்ஸா முந்திக்கொண்டான். "இங்க வாங்க லல்லா! நம்மது ஆபீஸ் மிஷின். இடம் தாராளம், வேகம் தாராளம். அந்தப் பொம்மையை ரொட்டிக் கூடையில வச்சீங்கன்னா, இருட்டுல ரொட்டின்னு கடிச்சுடுவீங்க!"

தெருவே சிரித்தது. தூரியா சிரிக்கவில்லை. ஒரு லேப்டாப்பை மடக்கி, திரை வெளியே தெரியும்படி இரண்டு கடைக்கும் பொதுவான மேசையில் நிறுத்தினாள்.

"இதுல இடம் கம்மி. கல்யாண வீடியோ எல்லாம் சேர்த்து வைக்க முடியாது. மெமரி போர்டோட ஒட்டிக்கிட்டிருக்கு, பின்னால கூட்ட முடியாது. ஒரே நேரத்துல நாலு வேலை கொடுத்தா முக்கும். ஈரக் கையோட தொட்டா சொன்ன பேச்சு கேக்காது, துடைச்சிட்டுத்தான் தொடணும்."

பதூல் வாயைப் பிளந்தாள். "என்னம்மா, உன் சரக்கை நீயே திட்டுற?"

"இன்னும் முடிக்கல. காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரைக்கும் நிக்கும். உள்ள ஃபேன் கிடையாது, உங்க மாவுத்தூசியை இழுத்து முழுங்காது. உங்க பொம்பளைங்க டைப் அடிச்சிருக்காங்களா?"

"ஒருத்திக்கும் தெரியாது."

"வேண்டாம். படத்தைத் தொட்டா போதும். அவர் மிஷினைக் கேளுங்க, சார்ஜ் எத்தனை நேரம் நிக்கும்னு."

பூஅஸ்ஸா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேரம் படிவதற்கு முன்பே படிந்துவிட்ட மாதிரி தேநீரை வரவழைத்துவிட்டான். அவசரக்குடுக்கை. தன்னுடைய பெரிய லேப்டாப்பை மேசையில் அகலத் திறந்து வைத்து, பக்கத்தில் கண்ணாடிக் குவளைகளை அடுக்கினான். கெண்டியைத் தலைக்கு மேல் தூக்கினான். நுரை வர வேண்டும் என்றால் உயரத்திலிருந்துதான் ஊற்ற வேண்டும். வீட்டில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவன் தேநீரைப் பார்க்கவில்லை. தூரியாவைப் பார்த்து, "குடிச்சிட்டுப் போ பொம்மைக்காரி!" என்றான்.

புதினாவும் சர்க்கரையும் கொதிக்கக் கொதிக்க மேசை முழுக்கத் தெறித்தன. அவனுடைய லேப்டாப்பின் விசைகளுக்குள் பாகு இறங்கியது. திரை ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. தூரியாவுடையதன் விசைகள் பின்பக்கம் திரும்பியிருந்ததால் கண்ணாடியில் மட்டும் தேநீர் வழிந்தது. ஜெல்லாபா அங்கியின் ஓரத்தால் அழுத்தித் துடைத்துவிட்டு விரலை வைத்தாள். எழுத்துகள் எழும்பி வந்தன.

பதூல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "எங்க சங்கத்துல தினமும் இந்தக் கூத்துதான் நடக்கும். சரி, பன்னிரண்டு கொடு. என்ன விலை?" தூரியா ஒரே விலையாகச் சொன்னாள்.

பூஅஸ்ஸாவின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. பதூலின் காதோரம் குனிந்து, "பாதி விலைக்குத் தர்றேன்" என்றான். எல்லோருக்கும் கேட்டது.

பதூல் திரும்பினாள். அவளும் சந்தை கண்டவள்தானே. "நீயும் பாதிக்குத் தருவியா?"

தூரியா கணக்குப் போட்டாள். பன்னிரண்டும் போனால் கடை தங்கும். போகாவிட்டால் கடையும் போய், அண்ணனின் சிரிப்பும் உண்மையாகிவிடும். பாதிக்கு விற்றால் அது பொம்மை விலை. பூஅஸ்ஸா சொன்னது சரி என்று அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி.

"குறையையும் சேர்த்துத்தான் விலை சொன்னேன். ஒரு காசு குறையாது."

"அப்ப நான் வர்றேன்" என்று பதூல் நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள். இந்தச் சந்தையில் வாங்க வந்தவர்கள் இப்படி நடப்பதும், வியாபாரி பின்னாலேயே ஓடிக் கூப்பிடுவதும், விலை இறங்குவதும் தினம் நடப்பவை. மசாலாக் கடை தாண்டி நின்று பையைச் சரிசெய்தாள். செருப்புக் கடையில் ஒரு செருப்பை எடுத்துத் தடவிப் பார்த்தாள். தெருவே தூரியாவின் வாயைப் பார்த்தது.

"கூப்பிடு, அறிவுகெட்டவளே! கடை போகப்போகுது!" என்று மசாலாக்காரர் கத்தினார்.

தூரியா கூப்பிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மேசையில் ஒட்டியிருந்த சர்க்கரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

செருப்பைக் கீழே போட்டுவிட்டு பதூல் விறுவிறுவென்று திரும்பி வந்தாள். முகத்தில் அப்படியொரு கோபம்.

"நீயெல்லாம் என்ன வியாபாரி? போறவளைக் கூப்பிட மாட்டியா? எவ்வளவு நேரம்தான் நான் செருப்பைப் பார்க்கிறது?"

"வழி உங்களுக்குத் தெரியும், லல்லா. விலையும் தெரியும்."

பதூல் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மடியிலிருந்து பணப்பையை எடுத்தாள். "என் சங்கத்துல உன்னை மாதிரி ஒருத்தி இருக்கா. அவளோட பேரம் பேசியே என் தொண்டை போச்சு. பன்னிரண்டும் எடுத்து வை. சொன்ன விலைக்கே."

தூரியா உடனே அசையவில்லை. வாசலை மறித்து நின்ற அட்டைப்பெட்டிகளைக் காலால் தட்டினாள்.

"பூஅஸ்ஸா, பெட்டியை எடு. லல்லா பதூல் உள்ள வரணும்."

"அப்புறமா எடுக்கறேன்..."

"இப்ப."

அவன் கடைசிப் பெட்டியையும் தூக்கித் தன் பக்கம் வைத்து முடிக்கும்வரை, அவள் ஒரு லேப்டாப்பைக்கூட எடுத்து வைக்கவில்லை.