கொல்லையில் கூப்பிட்டது ஆந்தையா?

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு பறவையால் பெரிய பஞ்சாயத்து.

மகளுக்குத் தஞ்சாவூரில் வேலைக்கான நேர்காணல். கிளம்பும் நேரத்தில் கொல்லை மூங்கில் புதரிலிருந்து ‘கூப்... கூப்... கூப்’ என்று கனத்த குரல். பாபநாசத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் வாசலை மறித்துவிட்டார்.

“அண்ணி, ஆந்தை அலறுது. இன்னிக்குப் புள்ளைய அனுப்பாதீங்க.”

“இன்னொரு நாள் கூப்பிட மாட்டாங்க அத்தை” என்ற மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

எனக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனால் அந்தக் குரல் கேட்ட நேரங்களை ஐந்து நாளாகக் காலண்டர் ஓரத்தில் குறித்து வருகிறேன். காலை, நடுப்பகல், சாயங்காலம். ஒருநாள்கூட இரவில் இல்லை.

“பகல்ல மட்டும் அலறுற ஆந்தை ஏது? வாங்க, பாத்துருவோம்” என்றேன். மூவரும் கொல்லைக்குப் போனோம்.

புதரிலிருந்து ஒரு பறவை மெல்ல நடந்து வந்தது. கருத்த உடம்பு, செங்கல் நிறச் சிறகு, சிவந்த கண்.

“அட, செம்போத்து! பாத்தாலே நல்ல சகுனமாச்சே!” நாத்தனார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கெளம்புடி, கெளம்பு!”

செம்போத்து தலையைத் தாழ்த்தி, தொண்டையை உப்பவைத்து, அதே ‘கூப்... கூப்’ போட்டது.

நாத்தனார் என்னைப் பார்த்தார். நான் மகளைப் பஸ் ஏற்றப் போய்விட்டேன்.

நன்றாகப் பதில் சொன்னதாக இப்போதுதான் போன் செய்தாள். சுவாமிக்கு விளக்கேற்றிவிட்டேன்.

செம்போத்தின் முகத்தைக் கண்டால் கும்பிடுகிறோம், குரலைக் கேட்டால் பயணத்தை நிறுத்துகிறோம். அதுவும் என்னதான் செய்யும்?

உங்கள் கொல்லையில் பயமுறுத்துவது யார்? போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.